முளை நகர்ந்தது

காய்கறி மொத்தச் சந்தைக்காரர்களிடம் எந்த எண்ணைச் சொன்னாலும் அதை முதல் விலை என்றே எடுத்துக்கொள்வார்கள். ரத்த அழுத்தம் நூற்று அறுபது என்று டாக்டர் சொன்னால், "நூத்தி நாப்பதுன்னு எழுதிக்குங்க டாக்டர், அடுத்த தடவை பார்த்துச் செய்வோம்" என்பார்கள். அப்படிப்பட்டவர்களைப் பேரமே படியாத ஓர் எண் இருபது வருஷமாக ஆட்டிவைத்தது. ஐந்நூற்று நாற்பது.

சந்தைப் பெண்களின் கயிறிழுப்பு அணிக்கு அதுதான் உச்ச எடை. எட்டுப் பேரையும் தராசில் ஏற்றிக் கூட்டினால் ஐந்நூற்று நாற்பது கிலோவைத் தாண்டக் கூடாது. யார் எத்தனை கிலோ என்று நடுவர்கள் கேட்பதில்லை; மொத்தம்தான் கணக்கு. மொத்தமாகக் கட்டு, உள்ளே எப்படியாவது பிரித்துக்கொள் என்று சட்டமே சொன்ன பிறகு சந்தைக்காரிகள் சும்மா இருப்பார்களா? வருஷா வருஷம் போட்டிக்கு மூன்று வாரம் முன்னால், வெங்காயக் கிடங்கின் பின்பக்கம் மூட்டைகள்மேல் உட்கார்ந்து கிலோப் பேரம் நடத்துவார்கள்.

"மொத்தம் ஆறு கிலோ அதிகம். கிழங்கு, நீ ரெண்டு குறை."

"ரெண்டா? போன மாசம் காய்ச்சல்ல ஒரு கிலோ குடுத்தேனே, அதைக் கழிச்சுக்கோ" என்பாள் உருளைக்கிழங்கு மண்டிக்காரி.

"காய்ச்சல்ல போனது எப்படிடி கணக்கில வரும்? அது தானாப் போனது."

"எப்படிப் போனா என்ன? போச்சா இல்லையா?"

இப்படி இழுத்துப் பறித்து, ஒருத்தி ஒன்றரை, இன்னொருத்தி முக்கால் என்று எல்லோரும் ஏதாவது கொடுப்பார்கள். ஒரே ஒருத்தியிடம் மட்டும் யாரும் ஒரு கிராம்கூடக் கேட்டதில்லை. அவள் கயிற்றின் கடைசியில் நிற்கும் வெங்காயக்கடைக்காரி, எடை தொண்ணூற்றொன்று. மற்ற ஏழு பேரும் கயிற்றைப் பிடிப்பார்கள். கடைசி ஆள் அதை உடுத்திக்கொள்வாள். அக்குளுக்கடியில் வாங்கி, முதுகில் குறுக்கே விட்டு, எதிர்த் தோளில் போட்டுக்கொண்டு குதிகால்களை மண்ணில் நட்டுவிட்டால் அவ்வளவுதான். மாடு கட்ட அடிக்கிற முளைபோல அசையாததால் அந்த இடத்துக்கு அணியில் முளை என்று பேர். பதினேழு வருஷமாக அவளே நின்றதால் இடத்தின் பேர் ஆளோடு ஒட்டிக்கொண்டது. சந்தை முழுக்க அவள் முளையக்கா. அவள் எடை அணியின் முதல். முதலில் கை வைத்து எவளாவது வியாபாரம் பண்ணுவாளா?

முளையக்காவின் புருஷன் இதை வீணாக்கவில்லை. கடைப் பலகையில் வெங்காயம் என்ற எழுத்துக்குக் கீழே சிவப்பில், 'நகராத முளையின் கடை' என்று எழுதி வைத்திருந்தார். வெங்காயத்துக்கும் நகராததற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. வியாபாரம் நகர்ந்தது.

ஆனால் முளை ஒரு தடவை நகர்ந்திருந்தது. நான்கு வருஷத்துக்கு முன், துறைமுக அணியோடு இறுதிப் போட்டி. மூன்றாவது இழுப்பில் முளையக்காவின் இடது குதிகால் பறித்துக்கொண்டு ஒரு சாண் முன்னால் போயிற்று. அடுத்த மூச்சில் முன்வரிசையில் நின்ற அவளுடைய நாத்தனாரின் கால் வழுக்கியது. அணி தோற்றது. "யார் கால் முதல்ல?" என்று கேட்டபோது முளையக்கா கண்ணை மூடித் திறப்பதற்குள், "முன்னால வழுக்கிடுச்சு" என்றாள். முளைக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை. அதனால் சாட்சியும் இல்லை. வாழைக்காய்க் கடை வைத்திருந்த நாத்தனாருக்கு அன்றிலிருந்து வழுக்கல் என்று பேர். அவள் மட்டும் நான்கு வருஷமாக, எந்தப் பேச்சு எடுத்தாலும் நடுவில், "எனக்குக் கயிறு முதல்ல பின்னாலதான் தளர்ந்துச்சு அண்ணி" என்பாள். முளையக்கா வெங்காயத்தைப் புரட்டிப் பார்ப்பாள்.

இந்த வருஷம் சந்தைச் சங்கத் தலைவருக்கு விஞ்ஞானத்தில் ஆசை வந்துவிட்டது. அவர் அரிசி மண்டிக்காரர். துறைமுக அணிக்குப் பயிற்சியாளர் வைத்திருக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட, மறுவாரமே ஏதோ ஒரு கண்காட்சியிலிருந்து ஒரு பயிற்சியாளரைப் பிடித்துக்கொண்டு வந்தார். இளைஞன். சட்டை உடம்பிலேயே தைத்தது போல இருந்தது. கையில் ஒரு மெஷின்: கண்ணாடிப் பலகை, வெள்ளி நிறத்தில் இரண்டு பாதத் தடம், மேலே ஒரு சின்னத் திரை.

"இது வெறும் எடை காட்டாது மேடம்" என்றான். "உடம்புக்குள்ள எத்தனை சதவீதம் கொழுப்பு, எத்தனை சதவீதம் தசை, எத்தனை சதவீதம் தண்ணின்னு பிரிச்சுக் காட்டும்."

"எங்க வீட்டுக்காரரை ஏத்துங்க தம்பி" என்றாள் நாத்தனார். "எத்தனை சதவீதம் உண்மைன்னு பார்க்கணும்."

அன்று சாயங்காலத்துக்குள் அவனுக்குச் சதவீதம் தம்பி என்று பேர் வைத்தாயிற்று. அவன் முதல் காரியமாகக் கிலோப் பேரத்தைத் தடை செய்தான். எடையைப் பார்ப்பது பழைய காலம், உடல் கூறுதான் எல்லாம் என்றான். இரண்டாவதாக, அணிப் பெண்கள் யாரும் இனிமேல் மூட்டை தூக்கக் கூடாது, அது முறையான பயிற்சி இல்லை, முதுகுக்கு ஆபத்து என்றான். தலைவரும் கூலிக்கு நாலு ஆள் போட்டார். மூன்றாவதாக, ரப்பர் பைகளில் மணல் நிரப்பிக் கொண்டுவந்து இறக்கி, அவற்றைத் தோளில் தூக்கிக்கொண்டு கிடங்குக்குள் இங்கிருந்து அங்கே நடக்கச் சொன்னான். இந்தப் பக்கம் கூலிக்காரர்கள் வெங்காய மூட்டையைத் தூக்கிப் போக, அந்தப் பக்கம் வெங்காயக்கடைக்காரி மணல் மூட்டையைத் தூக்கிப் போனாள். எதிரெதிரே வரும்போது இரண்டு தரப்பும் வழிவிட்டுக்கொண்டார்கள்.

"ஏன்க்கா, இந்த மணலை எங்கே இறக்கணும்?" என்றாள் கிழங்கு.

"எடுத்த இடத்திலேயேடி."

"அப்ப எதுக்கு எடுத்தோம்?"

"அதான் விஞ்ஞானம். வாயை மூடிட்டு நட."

முதல் வெள்ளிக்கிழமை எல்லோரையும் மெஷினில் ஏற்றினான். சந்தையே வேடிக்கை பார்க்கக் கூடியது. கொழுப்பு கிழங்குக்கு முப்பத்தாறு, நாத்தனாருக்கு முப்பத்து மூன்று. முளையக்கா ஏறியபோது திரை கொஞ்ச நேரம் யோசித்தது. நாற்பத்தொன்று.

"நாப்பத்தொண்ணு நல்லதா கெட்டதா தம்பி?" என்று கேட்டார் தலைவர்.

"கொழுப்பு கயிறு இழுக்காது சார். அது சும்மா சவாரி வர்ற சரக்கு. தசைதான் இழுக்கும்."

பதினேழு வருஷமாக அணியின் முதலாக இருந்தது ஒரே வாக்கியத்தில் அழுகல் சரக்காகிவிட்டது. அவள் மெஷினிலிருந்து இறங்கவும் மறந்து நின்றாள்.

"முப்பத்தஞ்சுக்கு மேல இருந்தா அணியில இடம் இல்லை" என்றான் சதவீதம் தம்பி. "ரெண்டு வாரம் டைம். இல்லைன்னா முளை இடத்துக்கு நான் ஆள் கொண்டுவந்திருக்கேன்."

கொண்டுவந்த ஆள் மீன் மண்டிக்காரரின் இரண்டாவது மருமகள். ஜிம்முக்குப் போய்ப் போய் உடம்பு இழுத்துக் கட்டிய கம்பியாட்டம் இருப்பாள், பேரும் கம்பிதான். அறுபது கிலோ. மெஷினில் ஏறினாள். பத்தொன்பது. கூட்டம் கைதட்டியது. முளையக்காவின் புருஷனும் தட்டினார்; பெண்டாட்டி பார்த்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அன்று வீட்டில் அவர் தேறுதல் சொன்னார். "விடு. பதினேழு வருஷம் நின்னாச்சு. வேற ஒருத்தி நிக்கட்டுமே."

"பலகையில இருக்கிறதை அழிச்சிட்டு இதைப் பேசுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படுக்கப் போனார்.

முளையக்கா சாப்பாட்டைப் பாதியாக்கினாள். சர்க்கரையை விட்டாள். அடுத்த வெள்ளிக்கு முந்தின நாள் காலையில், யாரும் இல்லாத நேரம் பார்த்து மெஷினில் ஏறினாள். நாற்பத்தொன்றரை. பட்டினி கிடந்ததற்கு அரை சதவீதம் வட்டி! இன்னொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் வியாபாரியின் மகள். அடுத்தவன் தராசு தப்புக் காட்டினால் தன் சரக்கைச் சந்தேகப்படுவதற்கு முன் தராசைச் சந்தேகப்படுவாள். குழாயடியில் காலைக் கழுவி, துடைக்காமல் ஏறிப் பார்த்தாள். நாற்பது. ரெண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு ஏறினாள். முப்பத்தொன்பதரை. வெயிலில் பத்து நிமிஷம் நின்று உடம்பு சூடேறியதும் ஏறினாள். முப்பத்தொன்பது.

ஓடிப்போய்க் கிழங்கிடம் சொன்னாள். "காலையில ஒரு விலை, வெயில் ஏறினா ஒரு விலை, தண்ணி தெளிச்சா ஒரு விலை. அது மெஷின் இல்லடி, தக்காளி!"

அந்த ரகசியம் மதியத்துக்குள் எட்டுப் பேருக்கும் போயிற்று. வெள்ளிக்கிழமை எல்லோரும் ஈரக் காலோடு, வயிறு குலுங்கத் தண்ணீர் குடித்துவிட்டு வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் இரண்டு மூன்று சதவீதம் இறங்கியிருந்தது. சதவீதம் தம்பி ஒவ்வொரு தாளையும் அச்செடுத்து முத்தமிடாத குறையாகக் கோப்பில் வைத்தான். தாளின் அடியில் சின்ன எழுத்தில் கிலோவும் இருந்தது. அதை அவன் பார்க்கவில்லை. சாப்பாட்டு அட்டவணையை அணி முழுக்கத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. சாப்பிட மட்டும் வேறு சாப்பிட்டது. சதவீதம்தான் இறங்குகிறதே, அப்புறம் எதற்கு வயிற்றைக் காயப்போட வேண்டும்?

முளையக்காவுக்கு மட்டும் அந்த முப்பத்தொன்பது அசைய மறுத்தது.

பயிற்சியில் கம்பியை முளை இடத்தில் நிறுத்தி, எதிரே கூலிக்காரர்களை இழுக்க விட்டான். கம்பி நல்ல பலசாலி. மணல் மூட்டையைத் தனியாளாகத் தலைக்குமேல் தூக்குவாள். ஆனால் எதிரணி மொத்தமாகச் சாய்ந்ததும் கயிறு அவளைத் தரையோடு தேய்த்துக்கொண்டு போனது. எழுந்து, முழங்கையை ஊதிக்கொண்டே முளையக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கு இந்த இடம் வேண்டாம். முன்னால நின்னா பிடிப்பேன். பின்னால நின்னா தூக்கிட்டுப் போகுது."

"அந்தத் தம்பிகிட்ட சொல்லு."

"சொன்னேன். என் சதவீதத்துக்கு நான் தாங்கணுமாம்."

மூன்றாவது வெள்ளி, கடைசி அளவு. தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முளையக்காவுக்குச் சின்ன வயதில் அப்பா கற்றுக்கொடுத்தது ஒன்று உண்டு: எவனாவது நிறுக்கும்போது முள்ளைப் பார்க்காதே, விரலைப் பார். அன்று அவள் திரையைப் பார்க்காமல் சதவீதம் தம்பியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழங்கு ஏறினாள்: வயது, உயரம், மூன்று அமுக்கல். நாத்தனார் ஏறினாள்: மூன்று அமுக்கல். கம்பி ஏறினாள்: நான்கு.

"தம்பி, நில்லுங்க. கம்பிக்கு மட்டும் ஒண்ணு கூட அமுக்கினீங்களே, அது என்ன?"

"அது... வகை மேடம். சாதாரண ஆள், விளையாட்டு வீரர்னு ரெண்டு வகை இருக்கு. வீரர்களுக்குக் கணக்குப் போடற விதமே வேற."

"கம்பி எந்த வகை?"

"வீரர்."

"நான்?"

அவன் தன் ஷூவின் முனையைப் பார்த்தான். "வாரத்துக்குப் பத்து மணி நேரம் உடற்பயிற்சி பண்றவங்கதான் மேடம் அந்த வகை. மெஷின் கம்பெனியே சொல்லியிருக்கு."

"தினமும் நாப்பது மூட்டை தூக்கினோமே" என்றாள் முளையக்கா. "நீங்க வந்து நிறுத்தற வரைக்கும்."

"அது வேலை மேடம். உடற்பயிற்சி இல்லை."

"அது மூட்டைக்குத் தெரியுமா?"

கூட்டம் சிரித்தது. தலைவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். ஒரே சரக்குக்கு இரண்டு விலை என்றால் அவருக்கு எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும். "அமுக்குப்பா. அமுக்கித்தான் பார்ப்போமே."

முளையக்கா ஏறினாள். நான்கு அமுக்கல். முப்பத்து மூன்று.

உடம்பு அதே உடம்பு. ஒரு விரல் அசைந்ததில் ஆறு சதவீதம் கொழுப்பு காற்றோடு போயிற்று. சதவீதம் தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் தலைவரே செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறி, "எனக்கும் அந்த வீரரைப் போடு" என்றார். அவர் கடைசியாக ஓடியது பிரேக் பிடிக்காத லாரி மண்டிக்குள் நுழைந்த அன்று. வீரர் கணக்கில் அவருக்கு இருபத்தெட்டு வந்தது. அந்த நிமிஷத்திலிருந்து மெஷின்மேல் அவருக்கு இருந்த மதிப்பு இரட்டிப்பானது. மாலைக்குள் சந்தையில் பாதிப் பேர் வீரர்களாகிவிட்டார்கள்.

முளையக்காவுக்கு இடம் கிடைத்துவிட்டது. கம்பி மாற்று ஆள். எல்லோருக்கும் அற்புதமான சதவீதம். எவ்வளவு அற்புதம் என்றால், இருபது வருஷத்தில் முதல்முறையாக எட்டுப் பேரின் கிலோவை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

போட்டி அன்று காலை எட்டரைக்கு எடை பார்த்தார்கள். மைதானத்து அலுவலகத்தில் இரும்புத் தராசு ஒன்று. அதில் பொத்தானே கிடையாது. வெள்ளைச் சட்டை போட்ட எடை அதிகாரி ஒவ்வொருவராக ஏற்றி எழுதினார். முளையக்கா எண்பத்தொன்பது. கடைசி ஆள் இறங்கியதும் கூட்டினார், மறுபடி கூட்டினார்.

"ஐந்நூத்தி நாப்பத்தஞ்சு புள்ளி ஏழு. அஞ்சு கிலோ எழுநூறு கிராம் அதிகம்."

"முதல் விலையா?" என்றாள் கிழங்கு, பழக்கத்தில்.

அதிகாரி கண்ணாடிக்குமேல் பார்த்தார். "பத்து மணிக்கு மூடிடுவேன். அதுக்குள்ள வந்தா மறுபடி போடுவேன். இல்லைன்னா அணி வெளியே."

தாழ்வாரத்துக்கு வந்தார்கள். துறைமுக அணிப் பெண்கள் ஐந்நூற்று முப்பத்தொன்பதே முக்காலில் முத்திரை வாங்கிக்கொண்டு, படிக்கட்டில் கால் நீட்டி உட்கார்ந்து ரொட்டியை மென்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சியாளரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தலைவருக்கு யாரோ விட்ட புருடா.

சதவீதம் தம்பி கோப்பைப் புரட்டினான். "எல்லாரும் குறைஞ்சிருக்காங்களே! சராசரி அஞ்சு சதவீதம் இறங்கியிருக்கே!"

"சதவீதம் இறங்கிச்சு தம்பி" என்றாள் நாத்தனார். "நாங்க இறங்கல."

அவன் உடனே கணக்குப் போட்டான். "ஒரே வழிதான். எண்பத்தொன்பது வெளியே, கம்பி உள்ளே. உச்சத்துக்குக் கீழே இருபத்திரெண்டு கிலோ மிச்சமாகும்."

"இருபத்திரெண்டு கிலோவைத் துறைமுகத்துக்கு இனாமாக் குடுக்கணுமா?" என்றாள் கிழங்கு. "எவளாவது அப்படி வியாபாரம் பண்ணுவாளா?"

"வேற யார் வெளியே போறது?"

முளையக்கா மனதுக்குள் ஒவ்வொருத்தியாக நிறுத்துப் பார்த்தாள். கம்பி அறுபது கிலோ அறுநூறு. முன்வரிசையில் நிற்கிற நாத்தனார் அறுபத்தைந்து கிலோ தொள்ளாயிரம். மாற்றினால் ஐந்து கிலோ முந்நூறு போகும். மீதி நானூறு கிராம். அதைத் துள்ளிக் குதித்தே இறக்கிவிடலாம். கம்பிக்கும் முன்னால் நிற்பதுதான் தோது. கணக்கு அழகாகப் படிந்தது. ஆனால் அதை வாய் திறந்து கேட்க வேண்டிய இடம் நாத்தனார்.

நாத்தனாரும் சந்தைக்காரி. கணக்கு அவளுக்கு முன்பே படிந்திருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, அண்ணி வாயைத் திறக்கட்டும் என்று நின்றாள்.

"என்ன அண்ணி? ஏதோ கேட்க வர்ற மாதிரி இருக்கு."

"உனக்கே தெரியும்."

"தெரியும். விலை சொல்லட்டுமா?"

"சொல்லு."

"நாலு வருஷத்துக்கு முந்தி யார் கால் முதல்ல நகர்ந்துச்சு? எல்லாரும் கேட்கற மாதிரி சொல்லுங்க. நான் உட்கார்ந்துக்கறேன்."

முளையக்கா ஒரு தடவை பேரம் பேசிப் பார்த்தாள். "உன்கிட்ட தனியாச் சொல்றேன்."

"தனியா எனக்கு எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே."

"போட்டி முடிஞ்சு சொல்றேன்."

"ரொக்கம் அண்ணி. கடன் கிடையாது."

அலுவலகத்துக் கடிகாரம் ஒன்பது ஐந்து. முளையக்கா சுற்றிலும் பார்த்தாள். புருஷன் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். தலைவர், கிழங்கு, படிக்கட்டில் ரொட்டியை நிறுத்திவிட்ட துறைமுகப் பெண்கள், அத்தனை பேரும் காது. நகராதவள் என்றுதானே அந்த இடத்தில் நின்றாள்? அந்த இடத்தில் நிற்க வேண்டுமானால் நகர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். இப்படி ஒரு கிராக்கியை அவள் கடை வாசலில்கூடப் பார்த்ததில்லை.

"நான்தான் நகர்ந்தேன்" என்றாள். "இடது கால். ஒரு சாண். அப்புறம்தான் இவ கால் வழுக்கிச்சு. நான் இழுத்த இழுப்புலதான் வழுக்கிச்சு."

புருஷன் பாட்டில் மூடியைத் திறந்து, தானே குடித்தார்.

"ஒரு சாணா?" என்றாள் நாத்தனார்.

"ஒரு சாண்தான்."

"எனக்கு ஒன்றரையாத் தெரிஞ்சுது."

"ஒரு சாண்!"

"சரி, விடுங்க." நாத்தனார் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாளா, வியர்வையைத் துடைத்துக்கொண்டாளா என்று யாருக்கும் தெரியவில்லை. பூட்ஸைக் கம்பியின் மடியில் போட்டாள். "இந்தா. வழுக்காது. நல்லாப் பிடிக்கும். என் கால்மேலதான் எல்லாரும் பழி போட்டுட்டாங்க, பூட்ஸ்மேல இல்லை."

அப்புறம் தாழ்வாரத்தில் நடந்ததுதான் இருபது வருஷத்தில் சிறந்த கிலோப் பேரம். நானூறு கிராமை எட்டாகப் பிரித்தார்கள். தோடு, கொண்டை ஊசி எல்லாம் சதவீதம் தம்பியின் கோப்பு உறைக்குள் போயிற்று. உரச் சாக்குப் பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கொண்டு எட்டுப் பேரும் மாடிப்படியில் ஏறி இறங்கினார்கள்.

"நான் அறுபது கிராம் குடுத்துட்டேன், போதும்!"

"உன் அறுபதை யாருடி நிறுத்தது? ஏறு!"

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு அதிகாரி கடைசி எண்ணை எழுதினார். ஐந்நூற்று முப்பத்தொன்பது புள்ளி ஒன்பது. எட்டுக் கைகளில் முத்திரை விழுந்தது. முளையக்கா தன் முத்திரையைக் காய்வதற்கு முன்பே தொட்டுப் பார்த்து அழித்துக்கொண்டாள். அதிகாரி திட்டிக்கொண்டே இன்னொன்று குத்தினார்.

மதியம் இறுதிப் போட்டி. முதல் இழுப்பு துறைமுகத்துக்கு, இரண்டாவது சந்தைக்கு. மூன்றாவதில் இரண்டு அணியும் சாய்ந்தது சாய்ந்தபடியே ஒன்றரை நிமிஷம் நின்றன. கயிறு முனகியது. கோட்டோரம் நின்று சத்தம் கொடுக்க வேண்டியவன் சதவீதம் தம்பி. அவன் "உங்க மையத் தசையை உணருங்க மேடம்" என்று சொன்னதும் நாத்தனார் அவனைத் தோளால் நகர்த்திவிட்டு அந்த இடத்தில் நின்றுகொண்டாள்.

அப்போது துறைமுகம் மொத்தமாக ஒரு வெட்டு வெட்டியது. முளையக்காவின் இடது குதிகால் பறித்துக்கொண்டது. அதே கால். மண் பிளந்து, பூட்ஸ் முன்னால் போனது. நான்கு வருஷத்துக்கு முன் இந்த இடத்தில்தான் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தாள். முன்னால் இருந்த ஏழு பேருக்கும் பின்னால் என்ன ஆயிற்று என்று தெரியாமலே போனது. இப்போது மூடி வைக்க என்ன மிச்சம் இருக்கிறது? சரக்கு ஏற்கெனவே விற்றாயிற்று.

"நகர்ந்துட்டேன்!" என்று கத்தினாள். "ஒரு சாண்! இடது பக்கம்!"

"முளை நகர்ந்திருக்கு!" நாத்தனாரின் குரல் மைதானத்தின் அந்தக் கோடி வரை போனது. "யாரும் இழுக்காதீங்க! தாங்குங்க! குதிகாலை நடு, கிழங்கு! கம்பி, கயிறைக் கீழே அமுக்கு! மூணு எண்ணறேன், அண்ணி கால் மாத்திக்கட்டும்! ஒண்ணு... ரெண்டு..."

ஏழு முதுகும் இறுகின. அந்த மூன்று எண்ணிக்கைக்குக் கயிற்றின் பாரம் முளையக்காவின் தோளிலிருந்து இறங்கி முன்னால் போனது. அவள் காலைப் பிடுங்கி, புது மண்ணில் நட்டு, பின்னால் சாய்ந்தாள்.

"நட்டாச்சு!"

"இப்ப இழுங்கடி!"

துறைமுகம் தன் கடைசித் தெம்பை அந்த வெட்டில் செலவழித்திருந்தது. அங்குலம் அங்குலமாக வந்தார்கள்; அப்புறம் மொத்தமாக வந்தார்கள். நடுவர் விசில் ஊதியபோது முளையக்கா மல்லாந்து விழுந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் கிழங்கு விழுந்தாள், கிழங்கின்மேல் இன்னும் ஐந்து பேர். ஐந்நூற்று முப்பத்தொன்பது புள்ளி ஒன்பதில் பெரும்பகுதி அவள்மேல்தான் கிடந்தது.

மறுவாரம் சங்க அலுவலகத்தில் சதவீதம் தம்பியின் அறிக்கை ஒட்டப்பட்டது. உடல் கூறு அடிப்படையிலான நவீனப் பயிற்சியால் வெற்றி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். தலைவர் அதன் பக்கத்திலேயே தன் இருபத்தெட்டையும் சட்டம் போட்டு மாட்டினார். கூலிக்காரர்களை நிறுத்திவிட்டுப் பெண்கள் மறுபடி மூட்டை தூக்கினார்கள். அதுவும் பயிற்சித் திட்டத்தில் ஒரு வரியாகச் சேர்ந்துவிட்டது.

வெங்காயக்கடை வாசலில் ஏணி போட்டு, சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு புருஷன் ஏறி நின்றார்.

"நகராத முளைன்னு இருக்கே. அழிச்சிடட்டுமா?"

"எதுக்கு அழிக்கணும்? கீழே சின்னதா எழுதுங்க, ரெண்டு தடவை தவிரன்னு."

எதிர்க்கடையிலிருந்து நாத்தனார் வாழைத்தாரை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணுன்னு போடுங்க அண்ணா. அன்னிக்கு முதல் இழுப்பிலயும் கொஞ்சம் நகர்ந்தாங்க. நான் பக்கத்திலதான் நின்னேன்."

"அது நகர்ந்ததா? அது கால் மாத்தினது" என்றாள் முளையக்கா.

"மூணு."

"ரெண்டுதான்."

தூரிகையிலிருந்து பெயின்ட் சொட்டி அவர் கையில் வழிந்தது. "சீக்கிரம் முடிவு பண்ணுங்க, காயுது."

முளையக்கா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் முளையக்காவைப் பார்த்தாள்.

"ரெண்டரைன்னு எழுதுங்க" என்றாள் முளையக்கா.